100 பங்கு எரிவாயுவில் 150 பங்கு வெப்பம்: உறிஞ்சல் வகை வெப்பப் பம்பு இயங்குவது எப்படி?

பெங்களூரு: கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் அதிகாலை வெப்பநிலை வழக்கமாக 15 அல்லது 16 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி நிலவிய 7.8 டிகிரி ஆகும். ஐரோப்பிய நகரங்களைப் போல் அறைகளைச் சூடாக்க வேண்டிய தேவை இங்கு இல்லை. ஆனால், குளிப்பதற்கு வெந்நீர் ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது. வீடுகளில் கீசரும், விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் பாய்லரும் அந்த வேலையைச் செய்கின்றன.

வெந்நீருக்காகவே 2007-ஆம் ஆண்டு கர்நாடக அரசு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டிடங்களில் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. அதைப் பொருத்தியவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா தள்ளுபடியும் வழங்கப்பட்டது. தனி வீடுகளுக்கு இத்திட்டம் நன்றாகப் பொருந்தியது. அடுக்குமாடிக் கட்டிடங்களிலும் பெரிய விடுதிகளிலும் மொட்டை மாடியின் பரப்பு, கீழே வசிப்போர் அனைவரின் தேவைக்கும் போதவில்லை. எஞ்சிய வெந்நீரை மின்சாரமோ எரிவாயுவோதான் தர வேண்டியுள்ளது.

மகாராஷ்டிராவின் தாபோலில் இருந்து பெங்களூரு வரை கெயில் நிறுவனம் அமைத்த இயற்கை எரிவாயுக் குழாய் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னர் நகருக்குள்ளும் குழாய் வழி விநியோகம் விரிவடைந்து வருகிறது. குழாய் எரிவாயு கட்டிட வாசலுக்கே வந்துவிட்ட நிலையில், அதை எரித்து நீரைச் சுடவைக்க பாய்லரை விடச் சிக்கனமான வழி உண்டா என்ற கேள்வி எழுகிறது. அதற்கான தொழில்நுட்பங்களில் ஒன்று, ஐரோப்பாவில் கட்டிடங்களைச் சூடாக்கப் பயன்படும் எரிவாயு உறிஞ்சல் வெப்பப் பம்பு. ஒரே அளவு எரிவாயுவில் இருந்து பாய்லரைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் வெப்பத்தை இது தருகிறது.

வெப்பத்தை எடுத்துச் செல்லும் இயந்திரம்

சந்தையில் 'ஹீட் பம்ப்' என்று அழைக்கப்படும் வெப்பப் பம்பு, வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓர் இடத்தில் இருக்கும் வெப்பத்தை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்கிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளே இருந்து எடுக்கப்பட்ட வெப்பமே பின்புறத்தில் சூடாக வெளிப்படுகிறது. அந்தப் பின்புறச் சூட்டைக் கொண்டு நீரைச் சுடவைத்தால் அது வெப்பப் பம்பு.

20 டிகிரி வெப்பநிலையில் உள்ள காற்றிலும் வெப்பம் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவம் அருகில் சென்றால், வெப்பம் காற்றில் இருந்து திரவத்துக்குப் பாயும். திரவம் ஆவியாகும். அந்த ஆவியை உயர் அழுத்தத்துக்குக் கொண்டு சென்றால், அது அதிக வெப்பநிலையில் மீண்டும் திரவமாகி, உள்வாங்கிய வெப்பத்தை நீருக்கு விட்டுக்கொடுக்கும். எல்லா வெப்பப் பம்புகளுக்கும் அடிப்படை இதுவே. ஆவியை உயர் அழுத்தத்துக்கு எப்படி ஏற்றுவது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

மின்சார வெப்பப் பம்பில் அந்த வேலையைக் கம்ப்ரசர் செய்கிறது. வாயுவை அமுக்குவது எளிதல்ல. சைக்கிள் டயருக்குக் கையால் காற்றடித்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

உறிஞ்சல் வகையில் கம்ப்ரசர் கிடையாது. அதன் இடத்தில் நீரும் நெருப்பும் இருக்கின்றன.

அம்மோனியாவும் நீரும்

இந்த இயந்திரத்தில் குளிர்பதனப் பொருளாக அம்மோனியா பயன்படுகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு நீர் மீது உள்ள ஈர்ப்பு மிக அதிகம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர், பல நூறு லிட்டர் அம்மோனியா வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த நீர் அம்மோனியாவை இழுத்துக்கொள்வதும், சூடான நீர் அதை வெளியேற்றுவதுமே இந்த இயந்திரத்தின் அடிப்படை.

அம்மோனியா செறிந்த கரைசல் முதலில் ஒரு கலனில் எரிவாயுச் சுடரால் சூடாக்கப்படுகிறது. அம்மோனியா ஆவியாகப் பிரிகிறது. அதனுடன் சேர்ந்து கிளம்பும் சிறிதளவு நீராவி, மேலே உள்ள அடுக்குகளில் குளிர்ந்து கீழே சொட்டிவிடுகிறது. ஏறத்தாழ தூய்மையான அம்மோனியா ஆவி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு அழுத்தத்தில் கண்டென்சருக்குச் செல்கிறது. அங்கு அது திரவமாகி, தன் வெப்பத்தைச் சுற்றியோடும் நீருக்குக் கொடுக்கிறது. வெந்நீருக்குக் கிடைக்கும் முதல் தவணை வெப்பம் இது.

அதன் பிறகு திரவ அம்மோனியா ஒரு குறுகிய வால்வு வழியாகக் குறைந்த அழுத்தப் பகுதிக்குள் நுழைகிறது. அழுத்தம் குறைந்ததும் அது மிகவும் குளிர்கிறது. மின்விசிறி வெளிக்காற்றை அதன் குழாய்கள் மீது செலுத்துகிறது. காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அம்மோனியா மீண்டும் ஆவியாகிறது. எரிவாயுவுக்கு வெளியே இருந்து, செலவில்லாமல் வெப்பம் நுழையும் இடம் இது ஒன்றுதான்.

இப்போது குறைந்த அழுத்தத்தில் உள்ள இந்த ஆவியை மறுபடி உயர் அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டும். முதல் கலனில் அம்மோனியாவை இழந்த நீர்த்த கரைசல் இங்கு வந்து அதை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும்போது கணிசமான சூடு கிளம்புகிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லின் மீது நீர் ஊற்றினால் சூடு எழுவதை நினைத்துக்கொள்ளலாம்; காரணம் வேறு என்றாலும் காட்சி ஒன்றுதான். அந்தச் சூடும் வீணாக்கப்படாமல் வெந்நீருக்கே செல்கிறது.

ஆவி கரைசலுக்குள் சென்றுவிட்டதால் இனி அமுக்க வேண்டியது வாயுவை அல்ல, திரவத்தை. திரவத்தை உயர் அழுத்தத்துக்கு ஏற்ற ஒரு சிறிய பம்பு போதும். சுமார் 40 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம் ஒன்று, பம்புக்கும் மின்விசிறிக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோவாட் மின்சாரமே எடுத்துக்கொள்கிறது. செறிந்த கரைசல் முதல் கலனுக்குத் திரும்பியதும் சுற்று மீண்டும் தொடங்குகிறது.

100 எப்படி 150 ஆகிறது?

எரிவாயுவின் 100 பங்கு வெப்பத்தில் சுமார் 10 பங்கு புகைபோக்கி வழியாகப் போய்விடுவதாகக் கொள்ளலாம். மீதி 90 பங்கு கரைசலுக்குள் நுழைகிறது. காற்றில் இருந்து 60 பங்கு வந்து சேர்கிறது. கண்டென்சரிலும் உறிஞ்சு கலனிலும் இவை இரண்டும் சேர்ந்து 150 பங்காக நீருக்குக் கிடைக்கின்றன. ஆற்றல் அழியா விதி எங்கும் மீறப்படவில்லை. செலவுக் கணக்கில் காற்றுக்கு விலை இல்லை என்பதால் மட்டுமே 150 சதவீதம் என்ற எண் தோன்றுகிறது. ஒரு நல்ல பாய்லர், செலுத்தப்பட்ட 100 பங்கில் 90 பங்கை நீருக்குத் தரும்.

இந்த 150 எல்லா நாளும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வெளிக்காற்று குளிரக் குளிரவும், கேட்கப்படும் நீர் சூடாகச் சூடாகவும் அளவு குறையும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் காற்றுக் குழாய்களின் மீது பனி படிந்து, அதை உருக்கவும் தனியே வெப்பம் செலவாகும். பெங்களூருவின் காலைக் காற்றில் அந்தப் பிரச்சினை இல்லை. குளியலுக்குத் தேவைப்படும் 50 முதல் 55 டிகிரி வெந்நீரும் இந்த இயந்திரத்துக்கு எட்டக்கூடியதே. நீராவி கேட்கும் சலவைக்கூடங்களுக்கும் கிருமிநீக்க அறைகளுக்கும் இது உதவாது.

பழைய கண்டுபிடிப்பு

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இது கம்ப்ரசர் வகைக்கு இணையாகப் பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் பெர்டினான்ட் காரே, அம்மோனியா-நீர் உறிஞ்சல் இயந்திரத்தை 1859-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். அப்போது அதன் வேலை பனிக்கட்டி தயாரிப்பது. 1922-இல் ஸ்டாக்ஹோம் மாணவர்கள் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகியோர் பம்பே இல்லாமல் இயங்கும் உறிஞ்சல் குளிர்பதனப் பெட்டியை வடிவமைத்தனர். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை உலகெங்கும் விற்றது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குளிர்பதனப் பெட்டிக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

மின்சாரம் எட்டாத ஊர்களின் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்துகளைக் காத்த மண்ணெண்ணெய்க் குளிர்பதனப் பெட்டிகள் இந்த வகையே. நட்சத்திர விடுதிகளின் அறைகளில் சத்தமே இல்லாமல் நிற்கும் சிறிய குளிர்பதனப் பெட்டிகளில் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. அதே சுற்றை வெப்பத்துக்காகப் பயன்படுத்தி, கட்டிடங்களுக்கான எரிவாயு வெப்பப் பம்பாக நீண்டகாலமாக விற்றுவருகிறது இத்தாலியின் ரோபூர் நிறுவனம்.

விடுதி ஒன்றின் கணக்கு

பெங்களூருவில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் வெந்நீர் பயன்படுத்தும் ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்ளலாம். 22 டிகிரி நீரை 55 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். அதற்குத் தேவையான வெப்பம் சுமார் 384 யூனிட். மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட் அளவையே இங்கு எரிவாயு வெப்பத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் உள்ளது.

சாதாரண கீசர்கள் என்றால் 384 யூனிட் மின்சாரமும் அப்படியே தேவை. எரிவாயு பாய்லர் என்றால் சுமார் 43 கன மீட்டர் எரிவாயு. உறிஞ்சல் வெப்பப் பம்பு என்றால் சுமார் 26 கன மீட்டர் எரிவாயுவும், 10 யூனிட் மின்சாரமும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்றரைப் பங்கு வெப்பம் தரும் மின்சார வெப்பப் பம்பு என்றால் 110 யூனிட் மின்சாரம்.

ஏற்கெனவே பாய்லரில் எரிவாயு எரிப்பவருக்கு இதில் குழப்பம் இல்லை. எரிவாயுச் செலவு 40 சதவீதம் குறையும். ஆனால், மின்சார வெப்பப் பம்புடன் ஒப்பிட்டால் கணக்கு அவ்வளவு நேரடியாக இல்லை.

இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதே காரணம். எரிவாயுவை எரித்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 0.2 கிலோ. இதன்படி மேற்கண்ட விடுதியின் ஒருநாள் உமிழ்வு, கீசரில் சுமார் 269 கிலோ. எரிவாயு பாய்லரில் 85 கிலோ. மின்சார வெப்பப் பம்பில் 77 கிலோ. உறிஞ்சல் வெப்பப் பம்பில் 58 கிலோ. இன்றைய மின்தொகுப்பில் எரிவாயு இயந்திரமே முன்னிலை வகிக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் இதன் முடிவு தலைகீழாக இருக்கும். அங்கு மின்சாரம் இந்தியாவை விடத் தூய்மையானது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒப்பீடுகளை அப்படியே இங்கு எடுத்துவர முடியாததற்கு இதுவே காரணம்.

முன்னிலை நிலையானதும் அல்ல. மின்தொகுப்பின் உமிழ்வு யூனிட்டுக்கு 0.5 கிலோவாகக் குறையும்போது, மேற்கண்ட கணக்கில் இரண்டு இயந்திரங்களும் ஏறத்தாழ சமமாகிவிடும். 2030-க்குள் புதைபடிவமல்லாத மின் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. ஒரு வெப்பப் பம்பு 15 ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்பதால், வாங்கும் நாளின் எண் மட்டும் போதாது.

நேரமும் முக்கியம். கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில் உள்ள பாவகடா சூரிய மின்பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். அதன் மின்சாரம் நண்பகலில் பெருகும்; வெந்நீர் கேட்கப்படுவதோ அதிகாலையில். பெரிய சேமிப்புத் தொட்டி உள்ள விடுதி, மின்சார வெப்பப் பம்பை நண்பகலில் ஓட்டி மறுநாள் காலைக்கான நீரைச் சுடவைத்துக்கொள்ளலாம். தொட்டிக்கு இடமில்லாத கட்டிடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலை உச்ச நேரத்தில் மின்தொகுப்பின் மீது சுமை ஏற்றாமல் இயங்குவது எரிவாயு இயந்திரத்துக்கு உள்ள நியாயமான சாதகம்.

கசியும் மீத்தேன்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். எரியாமல் காற்றில் கலந்தால், 20 ஆண்டுக் கால அளவில் அது கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். விடுதி பயன்படுத்தும் 26 கன மீட்டர் எரிவாயுவின் எடை சுமார் 18 கிலோ. கிணற்றில் இருந்து அடுப்பு வரையிலான பாதையில் அதில் 1 சதவீதம் கசிந்தாலே, சுமார் 15 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான பாதிப்பு சேரும். 58 கிலோ 73 ஆகிறது. மின்சார வெப்பப் பம்பின் 77 கிலோவுக்கும் இதற்கும் இடையிலான வேறுபாடு அநேகமாக மறைந்துவிடுகிறது. விளம்பரக் கையேடுகளில் இந்த வரி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

எரிவாயு எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இந்தியா தன் இயற்கை எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ பாதியைத் திரவ நிலையில் கப்பல்கள் மூலம் இறக்குமதி செய்கிறது. தமிழகத்தின் எண்ணூரில் 2019-இல் திறக்கப்பட்ட முனையமும் இதற்கானதே. உக்ரைன் மீது ரஷியா 2022-இல் போர் தொடுத்த பின் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது. எரிவாயு வெப்பப் பம்பின் சொந்த நிலமான ஐரோப்பாவே அதன் பிறகு மின்சார வெப்பப் பம்புகளின் பக்கம் வேகமாகத் திரும்பியது.

குளிர்ச்சியும் கூடவே

காற்றில் இருந்து வெப்பத்தை எடுக்கும்போது அந்தக் காற்று குளிர்கிறது. ஐரோப்பாவில் அந்தக் குளிர்ச்சியால் பயனில்லை, வெளியே விடப்படுகிறது. இந்தியாவில் அது விலையுள்ள பொருள். வெளிக்காற்றுக்குப் பதிலாகக் கட்டிடத்தின் குளிர்நீர்க் குழாயில் இருந்து வெப்பத்தை எடுக்குமாறு அமைத்தால், ஒரே சுடரில் ஒருபுறம் வெந்நீரும் மறுபுறம் குளிர்நீரும் கிடைக்கும். மேற்கண்ட விடுதியில் இயந்திரம் நாள்தோறும் பத்து மணி நேரம் ஓடினால், அந்நேரம் முழுவதும் சுமார் நான்கு டன் ஏசிக்கு இணையான குளிர்ச்சி கூடுதலாகக் கிடைக்கும். சாதாரண ஏசி அதே குளிர்ச்சிக்குச் சுமார் 45 யூனிட் மின்சாரம் எடுத்திருக்கும்.

மின்சார வெப்பப் பம்பையும் இவ்வாறு இருபுறமும் பயன்படுத்தலாம். அதில் கிடைக்கும் குளிர்ச்சி இன்னும் அதிகம். ஆகவே, குளிர்ச்சியைக் காரணம் காட்டி எரிவாயு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது. வெந்நீரும் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் தேவைப்படும் மருத்துவமனையோ விடுதியோ, இவ்விரண்டில் எதை வாங்கினாலும் குளிர்ச்சியை வெளியே விடாத அமைப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

அம்மோனியாவின் குணம்

அம்மோனியா ஓசோன் படலத்தைப் பாதிக்காது. புவி வெப்பமயமாதலிலும் அதன் நேரடிப் பங்கு இல்லை. ஆனால் அது நச்சு வாயு. கண்ணையும் மூச்சுக்குழாயையும் கடுமையாகத் தாக்கும். ஆபத்தான அளவை எட்டும் முன்பே அதன் நெடி மூக்கைத் துளைத்து எச்சரித்துவிடுவது ஓர் ஆறுதல். கட்டிடங்களுக்கான இயந்திரங்களில் அம்மோனியா சில கிலோ மட்டுமே இருக்கும். அதுவும் ஆலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டு வருகிறது. இயந்திரம் மொட்டை மாடி போன்ற திறந்தவெளியில் வைக்கப்படுகிறது. அங்கிருந்து கட்டிடத்துக்குள் வருவது நீர்க் குழாய் மட்டுமே.

பழுது ஏற்பட்டால் நிலைமை சற்றுச் சிக்கலானது. நீர் கலந்த அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். எனவே குழாய்கள் அனைத்தும் எஃகினால் ஆனவை. செம்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்துப் பழகிய வழக்கமான ஏசி மெக்கானிக் இதில் கை வைக்க முடியாது. பெங்களூருவில் ஒரு விடுதி உரிமையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இயந்திரத்தின் விலை என்பதை விட, பழுதுபார்க்க யார், எத்தனை நாளில் வருவார் என்பதாகவே இருக்கும்.

உறிஞ்சல் தொழில்நுட்பம் இந்தியாவுக்குப் புதிதன்று. புணேவைத் தலைமையிடமாகக் கொண்ட தெர்மாக்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக உறிஞ்சல் வகைக் குளிரூட்டும் இயந்திரங்களையும் வெப்பப் பம்புகளையும் தயாரித்து வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை அம்மோனியாவுக்குப் பதிலாக லித்தியம் புரோமைடு உப்புக் கரைசலைப் பயன்படுத்துபவை. அவற்றில் நீரே குளிர்பதனப் பொருள். நச்சு அச்சம் இல்லை. நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் ஐரோப்பியக் குளிர்காலக் காற்றில் இருந்து வெப்பம் எடுக்க அது உதவாது. பெங்களூருவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் இவை ஆலைகளுக்கும் பெரிய வளாகங்களுக்கும் ஏற்ற அளவில் வருபவை. ஆலைகளில் வீணாகும் நீராவி, வெந்நீர், ஜெனரேட்டர் புகை ஆகியவற்றின் சூட்டிலேயே இயங்கக்கூடியவை.

வீடுகளுக்கு இவ்வகை இயந்திரம் எதுவும் தற்போது பொருந்தாது. கட்டிடங்களுக்கான அம்மோனியா இயந்திரத்தின் வழக்கமான திறனான 40 கிலோவாட், குளியலறைக் கீசர்கள் சுமார் 20-இன் திறனுக்குச் சமம். மாடியில் வெயில் விழும் தனி வீட்டுக்கு, 2007-இல் கட்டாயமாக்கப்பட்ட சூரிய வெந்நீர்க் கருவியே இன்றும் எரிபொருள் செலவில்லாத வழி.